அரிக்குதா பாஸ்? ஜீரோ மார்க் வாங்குங்க!

"நேத்து என்னடா சாப்பிட்டே?"

கையிலும் கழுத்திலும் சிவப்பாத் தடிச்சுப் போய், வறட்டு வறட்டுன்னு சொறிஞ்சுக்கிட்டு நிக்கிற ஒருத்தரைப் பார்த்தா, நம்ம ஊர்ல முதல்ல வர்ற கேள்வி இதுதான். கத்தரிக்காயா? கருவாடா? மெஸ்ல போட்ட முட்டைக் குழம்பா? ரூம்மேட் ஒரு லிஸ்ட் சொல்வான். போன்ல அம்மா இன்னொரு லிஸ்ட் சொல்வாங்க. பாட்டியோ, "காணாக்கடிதான் கண்ணு, ரெண்டு வெத்தலையில நாலு மிளகு வெச்சு மென்னு முழுங்கு"ம்பாங்க.

எல்லாம் பண்ணியாச்சு. கத்தரிக்காயை விட்டாச்சு, கருவாட்டை விட்டாச்சு, வெத்தலை போட்டு நாக்கு சிவந்ததுதான் மிச்சம். ரெண்டு மாசமா அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போகுது. நீங்களும் இந்தக் கட்சியா? அப்ப வாங்க, உங்ககூடதான் பேசணும்.

ஆறு வாரம்தான் கணக்கு!

காணாக்கடிக்கு அலோபதியில 'அர்ட்டிகேரியா'ன்னு பேரு. 'அர்டிகா' என்பது ஐரோப்பாவில் முளைக்கிற ஒரு செடியின் லத்தீன் பெயர். நம்ம ஊர் செந்தட்டி மாதிரி, மேல பட்டாலே அரிச்சுத் தடிச்சிடும். ஆனா நம்மாளுங்க வெச்ச பேருதான் டாப். கடிச்சது எதுன்னு கண்ணுக்குத் தெரியாது, கடிச்ச தடிப்பு மட்டும் இருக்கும். காணாத கடி!

அடையாளம் ரொம்ப சிம்பிள். உப்பலான திட்டு, சுத்தியும் சிவப்பு, கடுமையான அரிப்பு. கொசுக்கடி சைஸ்லயும் இருக்கும், தோசை சைஸுக்கும் பரவும். ஒவ்வொரு திட்டும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தடமே இல்லாம மறைஞ்சிடும். அதுக்குள்ள இன்னொரு இடத்துல புதுசா ஒண்ணு கிளம்பும். ராத்திரி பூரா ஆட்டம் போட்டுட்டு, காலையில டாக்டர் முன்னாடி போய் நின்னா உடம்பு பளிங்கு மாதிரி இருக்கும்! அதனால தடிப்பு வரும்போதே செல்போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. சிலருக்கு உதடும் கண்ணிமையும்கூட வீங்கும்.

ஆறு வாரத்துக்குள் அடங்கிட்டா அது தற்காலிகச் சமாசாரம். ஒரு வைரஸ் காய்ச்சல், ஒரு மாத்திரை, ஒரு பூச்சிக்கடி, சில நேரம் ஒரு சாப்பாட்டு அயிட்டம் காரணமா இருக்கலாம். ஆறு வாரம் தாண்டியும் அடிக்கடி எட்டிப் பார்த்தா 'நாள்பட்ட' வகை. மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். இருபதுகளில் ஆரம்பிப்பதும் சகஜம். முக்கியமான விஷயம், இது யாருக்கும் ஒட்டாது. ரூம்மேட் பக்கெட்டைத் தள்ளி வெச்சா இந்தப் பக்கத்தை நீட்டுங்க!

உள்ளே என்னதான் நடக்குது?

நம் தோலுக்கு அடியில் 'மாஸ்ட் செல்'னு ஒரு காவல் படை இருக்கு. ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிச் 1878-ல் வெச்ச பேரு. உள்ளே மணி மணியா எதையோ அடைச்சுக்கிட்டு, நல்லாத் தின்னு கொழுத்த மாதிரி தெரிஞ்சதால ஜெர்மன் மொழியில் தீனி என்ற பொருள் வர்ற பேரைக் கொடுத்தார். அந்த மணிகளுக்குள் இருக்கும் சரக்குதான் ஹிஸ்டமின். எதிரி வந்தா மாஸ்ட் செல் இதைக் கொட்டும். ரத்தக் குழாய் விரிஞ்சு சிவக்கும், நீர் கசிந்து உப்பும், நரம்பு தூண்டப்பட்டு அரிக்கும்.

நாள்பட்ட வகையில் பிரச்னை என்னன்னா, எதிரியே இல்லாம இந்தப் படை சுட ஆரம்பிச்சிடும். பலருக்கு உடம்போட நோய் எதிர்ப்பு சக்தியே தப்பான ஆர்டர் போட்டு மாஸ்ட் செல்லை உசுப்பி விடுது. அதனாலதான் இவர்களில் சிலருக்கு தைராய்டு கோளாறும் கூடவே இருக்கு.

இப்ப கத்தரிக்காய்க்கு நியாயம் சொல்லிடலாம். நிஜமான சாப்பாட்டு அலர்ஜின்னா சாப்பிட்ட சில நிமிஷத்தில், அதிகம் போனா ரெண்டு மணி நேரத்துக்குள் காட்டிக் கொடுத்திடும். மாசக் கணக்கில் வர்ற காணாக்கடிக்கு ஒரே ஒரு உணவு காரணமா இருப்பது அபூர்வம். ஆக, நூறு பொருளுக்கு அலர்ஜி டெஸ்ட்னு கையில இருக்கிற காசைக் கரைக்க வேண்டாம். வழக்கமான ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் தைராய்டு தொடர்பான டெஸ்ட், இவ்வளவுதான் டாக்டர்கள் பொதுவா ஆரம்பத்தில் கேட்பது.

உங்க டைப் என்ன?

வைத்தியத்துக்குப் போறதுக்கு முன்னாடி துப்பறியும் வேலை கொஞ்சம் இருக்கு.

* நகத்தால லேசாக் கீறினாலே கோடு மாதிரி எழும்புதா? முதுகில் பேரே எழுதலாம் போலிருக்கா? கீறல் வகை.
* கிரவுண்டுல ஓடினா, வெந்நீரில் குளிச்சா, வைவாவுக்கு முன்னாடி டென்ஷன் ஆனா, குண்டூசித் தலை அளவுக்குப் பொடிப் பொடியா வருதா? வியர்வை வகை. இளவட்டத்துக்கு அதிகம் வர்றது.
* ஐஸ் வாட்டர், மழைக் காற்று, ஏ.சி. பட்டா வருதா? குளிர் வகை. இவங்க திடீர்னு கிணத்துலயோ அருவியிலயோ குதிக்கிறது நிஜமாவே ஆபத்து. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் குளிர்ந்தா ரத்த அழுத்தம் சரிஞ்சு மயக்கம் வரலாம்.
* பெல்ட் இறுக்கின இடம், பேக் பட்டை அழுத்தின தோள், நாலைஞ்சு மணி நேரம் கழிச்சு வீங்குதா? அழுத்த வகை.
* இது எதுவுமே இல்லாம, நினைச்ச நேரத்துக்கு வருதா? தானாக வரும் வகை. நாள்பட்டவர்களில் பெரும்பாலானோர் இந்தக் கோஷ்டிதான்.

ஒரே ஆளுக்கு ரெண்டு வகை சேர்ந்தும் இருக்கலாம். இந்த டைப் ஏன் முக்கியம்னு அடுத்து வர்ற ஆயுர்வேதப் பகுதியில் புரியும்.

ஆயுர்வேதம் என்ன சொல்லுது?

கி.பி. 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் 'மாதவ நிதானம்' நூலில் இதுக்கு ஒரு தனி அத்தியாயமே இருக்கு. சீதபித்தம், உதர்தம், கோடம்னு மூணு பேர். குளிர்ந்த காற்று பட்டு கபமும் வாதமும் கெட்டு, பித்தத்தோட சேர்ந்து உடம்புக்குள்ளும் தோலிலும் பரவும் என்பது விளக்கம். குளவி கொட்டின மாதிரி வீக்கம், அரிப்பு, குத்தல், எரிச்சல்னு அடையாளம் எழுதி வெச்சிருக்காங்க. திரும்பத் திரும்ப வந்தா 'உத்கோடம்'னு தனிப் பேரே இருக்கு. மைக்ராஸ்கோப் இல்லாத காலத்தில் இவ்வளவு கவனிப்பு!

மருந்துக்கும் பஞ்சமில்லை. சரக சம்ஹிதையில் பத்துப் பத்து மூலிகையாகத் தொகுத்த 50 கூட்டங்களில் ஒன்று உதர்தத்துக்கென்றே இருக்கு. இலந்தை, கருங்காலி, மருது எல்லாம் அந்தக் கூட்டத்து ஆட்கள். இன்னிக்கு ஆயுர்வேத டாக்டர்கள் இந்தப் பிரச்னைக்கு அதிகம் எழுதிக் கொடுக்கும் மருந்துகளில் ஒண்ணு 'ஹரித்ரா கண்டம்'. மஞ்சளைப் பால், நெய், சர்க்கரையோட சேர்த்து, சுக்கு, மிளகு, திப்பிலி, திரிபலா, சிவதை போன்றவற்றைக் கலந்து செய்வது. வேம்பு, சீந்தில் சேர்ந்த கஷாயங்களும் உண்டு.

மஞ்சளில் இருக்கும் குர்குமினுக்கு அழற்சியைக் குறைக்கும் குணம் இருப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனா நாள்பட்ட காணாக்கடியை இந்த மருந்து குணப்படுத்தும்னு அடிச்சுச் சொல்ற அளவுக்குப் பெரிய சோதனைகள் இல்லை. நடந்தவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள். அதனால நம்பிக்கையோட போங்க, கூடவே கணக்கும் வெச்சுக்குங்க. எப்படின்னு கடைசியில சொல்றேன்.

இப்ப டைப் விஷயம். சீதபித்தத்துக்குக் கடுகெண்ணெய் தேய்ச்சு வெந்நீர் ஊத்தச் சொல்றது பழைய முறை. குளிர் பட்டுத் தடிக்கிறவங்களுக்கு அது இதமா இருக்கலாம். வியர்வை வகைக்காரர் அதையே செஞ்சா உடம்பு பூரா பூரான் ஊர்ற மாதிரி ஆயிடும். கீறல் வகைக்காரருக்குத் தேய்ப்பே வினை! "என் ஃப்ரெண்டுக்குக் கேட்டுச்சு"ன்னு அவங்க வைத்தியத்தை அப்படியே காப்பி அடிச்சா பெயில்தான். எக்ஸாம்லயாவது பக்கத்து ஆளுக்கும் உங்களுக்கும் ஒரே கேள்வித்தாள், இங்கே அதுவும் இல்லை.

ஆயுர்வேதத்தோட நிஜமான பலம் லேகியத்தைவிட அது சொல்ற ஒழுங்குல இருக்கு. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், பகல் தூக்கம் வேண்டாம், மதுவைத் தள்ளி வை, வயிறு சுத்தமா இருக்கட்டும், மனசைப் போட்டுக் குழப்பாதே. மனஅழுத்தமும் மதுவும் தடிப்பைக் கிளப்பி விடும்னு இன்றைய தோல் டாக்டர்களும் சொல்றாங்க. இந்த இடத்தில் ரெண்டு வைத்தியமும் கை குலுக்குது.

மூலிகைன்னா எல்லாமே சாதுவா?

இல்லை பாஸ். சமையலில் போடுற மஞ்சள் வேற, மாத்திரையில் அடைச்ச மஞ்சள் சாறு வேற. மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2022-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அதில் 10 பேரின் விவரம் இருந்தது.

சீந்தில் சாப்பிட்டு மஞ்சள்காமாலையோடு வந்த 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். காரணம் சீந்தில்தான் என்பதை ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நோய் எதிர்ப்பு சக்தியே ஓவர் டியூட்டி பார்க்கிற ஒரு நோய்க்கு, அதை இன்னும் தூண்டும்னு விற்கப்படும் மருந்தை டாக்டர் சொல்லாம எடுக்கலாமா? யோசிங்க.

தோல் வியாதிக்குப் பேர்போன இன்னொரு மூலிகை ஆடுதீண்டாப்பாளை. இதன் குடும்பத்துச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். யார் பொடி பண்ணிக் கொடுத்தாலும் வாயில் போடாதீங்க.

கலப்படம் தனிக் கதை. பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைப் பரிசோதித்து 2004-ல் வெளியான ஆய்வில், 14-ல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. லேபிளே இல்லாத 'மூலிகைப் பொடி'களில் ஸ்டீராய்டு கலப்பதும் நடக்குது. ரெண்டே நாளில் மாயமா நின்னு, பசி கூடி, முகம் உப்ப ஆரம்பிச்சா சந்தேகப்படுங்க.

அதனால பஸ் ஸ்டாண்ட் வைத்தியருக்கும், டி.வி. விளம்பரத்துக்கும் ஒரு கும்பிடு. பி.ஏ.எம்.எஸ். படிச்ச ஆயுர்வேத டாக்டரையோ, பி.எஸ்.எம்.எஸ். படிச்ச சித்த டாக்டரையோ பாருங்க. நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கு. சென்னை அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவமனையும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கு. வேற என்ன மாத்திரை எடுக்கிறீங்கன்னு அவங்ககிட்ட ஒளிக்காம சொல்லிடுங்க. லேபிளில் உற்பத்தி லைசென்ஸ் எண், உள்ளே என்ன இருக்கு, காலாவதி தேதி மூணும் இல்லாத டப்பா வேண்டவே வேண்டாம்.

மாத்திரை வில்லன் இல்லை!

"ஆயுர்வேதம் ஆரம்பிச்சாச்சு, இங்கிலீஷ் மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டேன்"னு சொல்ற ஆளுங்க நிறைய. அடுத்த வாரமே தடிப்பு டபுளா வந்து நிக்கும். மாத்திரையை நிறுத்துறதும் குறைக்கிறதும் டாக்டர் சொல்லித்தான் நடக்கணும்.

செட்ரிசின், லோராடடின், ஃபெக்சோஃபெனடின் வகையறா புதுத் தலைமுறை மாத்திரைகள். ஹிஸ்டமினை அதோட நாற்காலியில் உட்கார விடாம தடுக்கும். நாள்பட்ட காணாக்கடிக்கு உலகம் முழுக்க முதல் மருந்து இதுதான். அரிச்சா மட்டும் போடுறது தப்பு, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் தினமும் போடணும். பத்தலைன்னா அளவைக் கூட்ட வழி இருக்கு, அதுவும் டாக்டர் கையில். அதுக்கும் அடங்காதவங்களுக்கு ஓமலிசுமாப் என்ற ஊசி உண்டு. இந்த நோய்க்கு அமெரிக்காவில் 2014-ல் அனுமதி கிடைச்சது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் அவில் மாதிரி பழைய தலைமுறை மாத்திரையில் ஒரு சிக்கல். தூக்கம் அள்ளிக்கிட்டுப் போகும். மறுநாள் காலையிலும் மூளை மந்தமா இருக்கும். செமஸ்டர் எழுதப் போறவங்களும், பைக் ஓட்டுறவங்களும் உஷார். செட்ரிசினும் சிலருக்குக் கண்ணைச் சொருகும். ஃபெக்சோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோட முழுங்கினா உடம்பில் சரியாச் சேராது. தண்ணிதான் பெஸ்ட்.

ஸ்டீராய்டு மாத்திரை? ரொம்ப முடியாத நேரத்தில் சில நாளுக்கு டாக்டர் கொடுப்பார். பழைய சீட்டைக் காட்டி நீங்களா வாங்கி மாசக் கணக்கில் போட்டா எலும்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம்னு புதுப் பஞ்சாயத்து ஆரம்பிக்கும்.

ஹாஸ்டல் கைடு

* தலைவலி, பீரியட்ஸ் வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போட்டா சிலருக்குத் தடிப்பு பொங்கும். மாற்று மாத்திரை என்னன்னு டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்குங்க.
* இறுக்கமான ஜீன்ஸ், இறுக்கின பெல்ட்டுக்கு லீவு. தொளதொள காட்டன் டிரெஸ். பேக்குக்கு அகலமான பட்டை.
* குளியல் வெதுவெதுப்பா, சீக்கிரமா. ஸ்கிரப்பர் போட்டுத் தேய்க்க வேண்டாம். (குளிர் வகைக்காரர் ஐஸ் ஒத்தடம் பக்கமே போகாதீங்க. மத்தவங்க அரிக்கும் இடத்தில் ஈரத் துணி போடலாம்.)
* நகத்தை ஒட்ட வெட்டுங்க. சொறியத் தோணினா உள்ளங்கையால அழுத்தாம மெதுவாத் தட்டிக் கொடுங்க.
* நைட் அவுட் படிப்பைக் குறைங்க. தூக்கம் கெட்டா அரிப்பு கூடும், அரிச்சா தூக்கம் கெடும். இந்தச் சக்கரத்தை எங்கேயாவது நிறுத்தியாகணும்.
* தினமும் பத்து நிமிஷம் மூச்சுப் பயிற்சி. மூச்சை இழுத்து மெதுவா விட்டா போதும். நோய் போகும்னு சொல்லலை, டென்ஷன் குறையும்.
* எந்த உணவு மேலாவது சந்தேகமா? அந்த ஒண்ணை மட்டும் மூணு வாரம் நிறுத்திப் பாருங்க. வித்தியாசம் இல்லைன்னா திரும்பச் சேர்த்துக்குங்க. (சாப்பிட்டதுமே உதடு வீங்கினது, மூச்சு திணறினதுன்னு இருந்தா இந்தச் சோதனையே வேண்டாம், நேரா டாக்டர்.) பால், முட்டை, மீன், கத்தரிக்காய், தக்காளின்னு எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்தி ரசம் சாதத்தில் வாழ்ந்தா உடம்பு இளைக்கும், காணாக்கடி இளைக்காது!

இதான் மார்க் ஷீட்!

தோல் டாக்டர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துற ஒரு கணக்கு இருக்கு. தினமும் ராத்திரி ரெண்டு மார்க் போடணும்.

தடிப்பு: ஒண்ணுமில்லைன்னா 0. 24 மணி நேரத்தில் 20-க்கும் கம்மின்னா 1. 20 முதல் 50 வரை 2. அதுக்கும் மேல 3.

அரிப்பு: இல்லைன்னா 0. லேசா இருந்தா 1. தொந்தரவு பண்ணினா 2. வேலையும் தூக்கமும் கெட்டா 3.

ஒரு நாளைக்கு அதிகபட்சம் 6. ஏழு நாளைக்கு 42. வாரக் கூட்டல் 28-ஐத் தொட்டா கடுமை. 6-க்குள் இருந்தா நல்ல கட்டுப்பாடு. இலக்கு 0. சென்டம் வாங்கினா அழ வேண்டிய ஒரே பரீட்சை இது!

மார்க்குக்குப் பக்கத்தில் அன்னிக்கு என்ன மாத்திரை, என்ன லேகியம், எத்தனை மணி நேரம் தூக்கம், என்ன டென்ஷன்னு ஒரு வரி எழுதுங்க. புது மருந்தோ புதுப் பழக்கமோ ஒரு நேரத்தில் ஒண்ணுதான். நாலையும் ஒண்ணா ஆரம்பிச்சா எது வேலை செஞ்சதுன்னு கடவுளுக்கே தெரியாது. நாலு வாரக் கணக்கைக் கொண்டுபோய் டாக்டர் முன்னாடி வைங்க. "கொஞ்சம் பரவால்ல சார்"னு சொல்றதைவிட "32-லேர்ந்து 14-க்கு வந்திருக்கு சார்"னு சொன்னா அவருக்கும் முடிவெடுக்க ஈஸி. லேகியம் நிஜமா வேலை செய்யுதா, இல்ல பர்ஸ் மட்டும்தான் இளைக்குதான்னு உங்களுக்கும் தெரிஞ்சிடும்.

இந்த நேரத்தில் கஷாயம் காய்ச்சாதீங்க!

நாக்கு, தொண்டை வீங்குது, குரல் மாறுது, மூச்சு திணறுது, தலை சுத்தி மயக்கம் வருதுன்னா யோசிக்கவே கூடாது. வெத்தலை மிளகு, லேகியம், "காலையில பாத்துக்கலாம்" எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேரா ஆஸ்பத்திரி.

இன்னும் ரெண்டு அறிகுறி. ஒரே திட்டு 24 மணி நேரம் தாண்டியும் மறையாம, அரிப்பைவிட வலி அதிகமா இருந்து, போகும்போது கன்றிப்போன தழும்பை விட்டுட்டுப் போனா அது வேற நோயா இருக்கலாம். கூடவே காய்ச்சல், மூட்டு வலி, எடை குறைவு இருந்தாலும் அப்படித்தான். தாமதிக்காம தோல் டாக்டரைப் பாருங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதுக்குத் தனிப் பிரிவே இருக்கு.

கடைசியா ஒரு நல்ல சேதி. பெரும்பாலானவர்களுக்கு இது ஆயுள் தண்டனை கிடையாது. ஒண்ணு முதல் அஞ்சு வருஷத்துக்குள் பலருக்குத் தானாவே அடங்கிடும். அது வரைக்கும் நாலு பேர் வந்து நாலு வைத்தியம் சொல்லத்தான் செய்வாங்க. சிரிச்சுக்கிட்டே கேட்டுக்குங்க. மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க, லேகியத்தை விசாரிச்சுச் சாப்பிடுங்க, தினமும் மார்க் போடுங்க. ஏழு நாளும் சேர்த்து முட்டை வாங்குற அந்த வாரம், ரூம்மேட்டுக்கு ட்ரீட் வைங்க. மெனுவில் எண்ணெய்க் கத்தரிக்காய் இருந்தா நமக்கும் சொல்லி அனுப்புங்க!